நிறத்தைத் துறந்த கண்

துறவைப் பற்றி நம் நாட்டுப் பெரியோர்கள் ஆராய்ந்த அளவுக்கு வேறெந்த ஒழுக்கத்தைப் பற்றியும் ஆராய்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் அந்த ஆராய்ச்சியின் நடுவே ஒரு சம்சயம் தீராமலே நின்றுகொண்டிருக்கிறது. பட்டாடையைப் பெட்டியில் மடித்து வைத்துப் பூட்டி, சாவியையும் இடுப்பிலே செருகிக்கொண்டு, கோவணத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவனைத் துறவி என்று சொல்லலாமா? உடுத்தாமல் இருப்பது ஒன்று. உடைமையே இல்லாமல் இருப்பது மற்றொன்று. வெளித் தோற்றத்தில் இரண்டுக்கும் பேதம் தெரியாது. நாளைக்கு மனம் மாறினால் என்ன நடக்கும் என்று கேட்கும்போதுதான் பேதம் வெளிப்படும். இந்தப் பழைய கேள்வி, யாரும் எதிர்பாராத இடமாகிய புகைப்படக் கலையில், அதிலும் கறுப்பு வெள்ளைப் படங்களைச் செப்பனிடும் கணிப்பொறிச் செருகுநிரல்களின் விஷயத்தில், மிகத் தெளிவான உருவம் எடுத்து நிற்கிறது. அதைக் கண்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று கறுப்பு வெள்ளை என்று நாம் கண்டு மகிழும் படங்களில் மிகப் பெரும்பாலானவை நிறப் படங்களாகவே பிறக்கின்றன. கேமரா தன் முன் உள்ள காட்சியை நிறத்தோடு வாங்கி, திருத்தம் எதுவும் செய்யாத மூல நிலையில், 'ரா' கோப்பு என்று சொல்லப்படும் வடிவில் சேமித்து வைக்கிறது. பிறகு வீட்டிலே கணிப்பொறியின் முன் உட்கார்ந்து, லைட்ரூமிலோ, அதனோடு இணைந்து வேலை செய்யும் சில்வர் எஃபெக்ஸ் புரோ போன்ற செருகுநிரலிலோ, அந்த நிறங்களைச் சாம்பல் சாயைகளாக மாற்றுகிறோம். நிக் என்னும் நிறுவனம் உருவாக்கி, 2012இல் கூகுள் கைக்குப் போய், 2016இல் எல்லாருக்கும் இலவசமாக வழங்கப்பட்டு, 2017இல் டிஎக்ஸ்ஓ என்ற பிரெஞ்சு நிறுவனத்தை அடைந்த சில்வர் எஃபெக்ஸின் பெருமைகளில் ஒன்று, மறைந்த நிறங்களை மறைவிலிருந்தபடியே ஆளும் திறமையாகும். நீலத்தை அடக்கினால் வானம் கறுத்து மேகம் எழுகிறது. பச்சையை உயர்த்தினால் காடு வெளுக்கிறது. ஆரஞ்சு நிறத்தை ஏற்றினால் மனித முகம் ஒளி பெறுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு நிறமே இல்லாத படம். எடுத்தவர் கைக்கோ ஒவ்வொரு நிறமும் எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பெட்டியின் சாவி இடுப்பில் இருக்கிறது என்று இதைத்தான் சொன்னேன்.

நிறத்தைக் கேமரா எப்படி அறிகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கேதான் விஷயத்தின் சூக்ஷ்மம் இருக்கிறது. சென்சாரில் உள்ள கோடிக்கணக்கான நுண்புள்ளிகளுக்கு இயல்பாக நிறம் தெரியாது. ஒளி மிகுதியா குறைவா என்பது மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்ற விஞ்ஞானிக்கு 1976இல் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. புள்ளிகளில் பாதிக்குப் பச்சையும், கால் பங்குக்குச் சிவப்பும், மீதிக் கால் பங்குக்கு நீலமுமாக மிக நுண்ணிய நிறத் திரைகளைப் பரப்பிவிடும் உபாயம் அது. அவ்வாறு பரப்பிய பிறகு ஒவ்வொரு புள்ளியும் மூன்று நிறங்களில் ஒன்றை மட்டுமே நேராகக் காண்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணிப்பொறி ஊகித்து நிரப்புகிறது. ஆகவே ஒரு நிறப் படத்தில் உள்ள நிற மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு கண்டது அல்ல, கருதியது.

கருதியது என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எடுத்தாள்கிறேன். சிவஞான சித்தியாரில் அளவைகளை ஆராயப் புகுந்த அருணந்தி சிவாசாரியார், உண்மையை அறியும் வழிகள் என்று பிற மதத்தார் பலவாக விரித்தவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்கிக் காட்டினார். பிரத்தியக்ஷம், அநுமானம், ஆப்த வாக்கியம் என்று வடநூலார் சொல்வனவும் இவையே. நம் நாட்டுத் தரிசனங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு மாறுபட்டாலும், ஒரு பொருளைப் பற்றி வாய் திறப்பதற்கு முன், அதை நீ எந்தப் பிரமாணத்தால் அறிந்தாய் என்று கேட்கும் வழக்கத்தில் மாறுபடவில்லை. ஒரு புகைப்படத்தைப் பார்த்து, இந்த மேகத்தின் கருமையை நீ எந்தப் பிரமாணத்தால் அறிந்தாய் என்று கேட்பதும் நியாயமான கேள்விதான். வெகு சிலரே அதைக் கேட்கிறார்கள்.

அந்த நிறத் திரையையே அகற்றிவிட்டுச் செய்த கேமராக்கள் இருக்கின்றன. 2012இல் லைகா நிறுவனம் எம் மோனோக்ரோம் என்ற கேமராவை 18 மெகாபிக்சல் சென்சாரோடு வெளியிட்டது. அதே வரிசையில் 2015, 2020, 2023 ஆண்டுகளில் புதியவை வந்தன. 2023இல் பென்டாக்ஸும் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் ஒளியைத் தானே நேராக வாங்குகிறது. திரை விழுங்கிவந்த ஒளியும் மீளுவதால் மங்கிய வெளிச்சத்தில் இவை வல்லமை மிகுந்தவை. ஊகம் இல்லாததால் நுணுக்கமும் கூர்மையாக விழுகிறது. இவற்றின் ரா கோப்பு முழுவதும் காண்டல். கருதல் என்பது அதில் அணுவளவும் இல்லை. அந்தக் கோப்பைத் திறந்தால் லைட்ரூமில் நிறங்களை ஆளும் ஸ்லைடர்கள் மங்கிச் செயலற்றுக் கிடக்கின்றன. அதையே டிஃப் கோப்பாக்கிச் சில்வர் எஃபெக்ஸுக்கு அனுப்பினால், அங்கே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்ட வட்டமாக இருக்கும் நிற ஃபில்டர்களில் எதைத் தொட்டாலும் வானமும் பாறையும் ஒன்றிலிருந்து ஒன்று விலகுவதில்லை. கருவி பழுதாகிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். கருவியில் பழுது ஒன்றும் இல்லை. அது தேடும் பொருள் அங்கே இல்லை.

இல்லை என்பதிலும் வகை உண்டு என்று கண்டவர்கள் நையாயிகர்கள். ஒரு பொருள் இருந்து அழிந்த பின் ஏற்படும் இன்மை வேறு. ஓர் ஆதாரத்தில் முக்காலத்திலும் ஒன்று இல்லாதிருக்கும் அத்தியந்தாபாவம் வேறு. இந்த இரண்டாவதற்கு வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் உதாரணம், காற்றில் நிறம் இல்லை என்பது. மோனோக்ரோம் கோப்பில் நிறம் இல்லாதது அத்தகைய இன்மை. நிறக் கோப்பைச் சாம்பலாக்கிய படத்திலோ இன்மை என்பதே கிடையாது, மறைவுதான் உண்டு. சைவ சித்தாந்தத்தில் மறைத்தல் என்பது இறைவனுடைய ஐந்தொழில்களில் ஒன்றாக, அருளின் ஒரு முகமாகவே சொல்லப்படுகிறது. ஆதலால் மறைத்தலை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் மறைத்தவன் மறைத்ததைத் துறந்ததாகச் சொல்லிக்கொள்ளும்போது பொய் புகுந்துவிடுகிறது. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்ற சற்காரிய வாதத்தை மெய்கண்டார் மரபில் படிக்கும்போது அது ஏதோ பிரபஞ்சத்தின் தோற்ற ஒடுக்கங்களைப் பற்றிய தூரத்துச் செய்தியாகத் தோன்றும். மோனோக்ரோம் கோப்பில் அசைத்தும் பயன்படாத ஒரு ஸ்லைடர் அதைக் கைவிரல் நுனியில் கொண்டுவந்து காட்டிவிடுகிறது. வெண்மையும் அப்படியே: நிறக் கேமராவில் ஒரு நிறம் அளவு கடந்து எரிந்துபோனாலும் மற்ற நிறங்களைக் கொண்டு ஓரளவு ஈடு செய்யலாம், மோனோக்ரோமில் எரிந்த வெண்மை எரிந்ததுதான். ஆகவே இதில் பழகியவர்கள் வெளிச்சத்தைக் குறைத்தே எடுப்பார்கள். இருளுக்குள் கிடப்பதைச் செருகுநிரலால் மெல்ல வெளியே அழைக்க முடியும், அங்கே அது இருக்கிறது என்பதால்.

இவற்றையெல்லாம் நூலறிவாக வைத்துக்கொண்டிருந்த எனக்கு, வத்தல்மலையில் காப்பிச் செடிகளின் நடுவே நின்றபோதுதான் கேள்வியின் மறுபக்கம் தெரிந்தது. தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் பாதையின் உச்சியில், மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலிய சிற்றூர்கள் பரந்து கிடக்கின்றன. பேருந்து அங்கே ஏறத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. அங்கு வாழும் மக்கள் மலையாளிகள். கேரளத்தோடு இப்பெயருக்குச் சம்பந்தம் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்ளும் பழங்குடியினர். சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. சில்வர் ஓக் மரங்களின் நிழலிலே காப்பியும், அந்த மரங்களையே பற்றிப் படர்ந்து மிளகும் வளர்கின்றன.

கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும் பருவத்தில் காப்பிப் பழம் கனிகிறது. எல்லாப் பழமும் ஒரே நாளில் கனிவதில்லை; ஒரே கொத்தில் பச்சைக் காயும், மஞ்சள் படிந்ததும், இரத்தச் சிவப்பாகக் கனிந்ததும் நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். மடியில் துணியைக் கட்டிக்கொண்டு பறிக்கும் பெண்கள், கிளையை இடக் கையால் வளைத்துப் பிடித்து, வலக் கையின் இரண்டு விரல்களால் சிவந்ததை மட்டும் திருகி எடுத்து, பக்கத்துக் காய் அசையாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கையின் வேகத்தில் சிந்தனைக்கு இடமே இல்லை. கண் சொல்கிறது, விரல் செய்கிறது. அப்படிப் பறித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் கையைக் கொத்தோடு சேர்த்து மோனோக்ரோம் கேமராவில் எடுத்து, பின்புறத் திரையில் காட்டினேன். அவர் கேமராவைத் தம் பக்கம் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னா சாமி, பழமும் தழையும் ஒண்ணாட்டமே இருக்குது?" என்றார்.

"இது நிறம் பார்க்காத கேமராம்மா. வெளிச்சம் மட்டுந்தான் இதுக்குத் தெரியும்."

"அப்ப எதப் பாத்துப் பறிக்கிறது?"

கனிந்த சிவப்பும் இலையின் கரும்பச்சையும் வெளிச்ச அளவில் நெருங்கியவை. ஆகையால் அந்தப் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பலாக விழுந்திருந்தன. அவருடைய உழைப்பு முழுவதும் எந்த ஒரு பேதத்தின்மேல் நிற்கிறதோ அந்தப் பேதம் படத்தில் இல்லை. வீட்டுக்குப் போய்ச் செருகுநிரலைத் திறந்து சிவப்பை உயர்த்திக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் இல்லை. அங்கேயே, அந்தச் செடியின் முன்பாகவே, லென்ஸின் முகப்பில் சிவப்புக் கண்ணாடி ஃபில்டரைத் திருகிப் பொருத்தி மறுபடி எடுத்தால், சிவந்த பழம் வெளுத்து ஒளிர்கிறது, இலை கறுத்துப் பின்வாங்குகிறது. பச்சைக் கண்ணாடியைப் பொருத்தினால் இது தலைகீழாகிறது. சித்தாந்திகள் ஆன்மாவைப் படிகத்துக்கு ஒப்பிட்டு, தனக்கென்று நிறமில்லாமல் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்று சொல்வார்கள். அந்தச் சென்சார் அத்தகைய படிகம். எந்தக் கண்ணாடி அதன் முன் நிற்கிறதோ அதன் வண்ணமாக உலகம் அதற்குத் தோன்றுகிறது. எந்தக் கண்ணாடி என்பதைத் தீர்மானிக்க வேண்டியவன் பழத்தின் முன்னே, பறிப்பவரின் முன்னே, அந்த வெயிலிலேயே தீர்மானிக்க வேண்டும். சிவப்புக் கண்ணாடி பெரும்பங்கு ஒளியைத் தின்றுவிடும். ஃபிலிமுக்கு எட்டு மடங்கு ஒளி கூட்ட வேண்டும் என்பது பழைய கணக்கு. முக்காலி வேண்டியிருக்கும், அல்லது கை நடுங்காமல் நிற்க வேண்டியிருக்கும். துணிவுக்கு உடனுக்குடன் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த மூதாட்டியின் கேள்வி எனக்கு வேறொரு பழைய விவாதத்தையும் நினைவூட்டியது. கற்ற அந்தணனிடத்தும் பசுவிடத்தும் யானையிடத்தும் நாயினிடத்தும் நாய் இறைச்சி உண்பவனிடத்தும் ஞானி சமமாகப் பார்க்கிறான் என்று பகவத் கீதையின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தைப் புகழ்கிறவர்கள், நிறம் என்ற மாயை நீங்கியதும் பொருள்களின் ஆத்மா தெரிகிறது என்று பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சமதரிசனத்தின் சாயல் அதில் இருக்கிறது என்று மகிழ்ந்தும் இருக்கிறேன். ஆனால் பழத்தையும் தழையையும் ஒன்றாகக் காட்டிய அந்தப் படம் சமதரிசனமா? பேதத்தை அறிந்து, அதைக் கடந்து, மரியாதையில் சமமாக நிற்பது ஞானம்; பேதத்தை அறியவே இயலாமல் நிற்பது அறியாமை. பசுவுக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதவனைக் கீதை புகழவில்லை. கனிந்ததைத் திருகிக் காயை விட்டுவிடும் அந்த விரல்களுக்கு ஒவ்வொரு காயின் பருவமும் தெரியும். காயின்மேல் வெறுப்பும் கிடையாது, அது அடுத்த வாரத்துப் பழம். சமதரிசனம் என்று ஒன்று அந்த மலையில் அன்று இருந்திருந்தால் அது அவரிடம்தான் இருந்தது. நிறமற்ற கேமராவுக்கு ஞானத்தைக் கற்பிப்பதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். அதன் மதிப்பு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல நம்மை விடாததில் இருக்கிறது. எதை எதிலிருந்து பிரித்துக் காட்டப் போகிறாய் என்ற கேள்விக்குப் பொருளின் முன்னிலையிலேயே பதில் வாங்கிவிடுகிறது.

செருகுநிரல் அப்படியானால் இக்கோப்புகளுக்குப் பயனற்றதா என்று கேட்கலாம். அப்படி இல்லை. ஒளி நிழல்களின் ஏற்ற இறக்கத்தைச் செப்பனிடுவது, ஒரு மூலையைச் சற்று அடக்குவது, பாறையின் சொரசொரப்பை எழுப்புவது ஆகிய யாவும் இருட்டறையில் அச்சிட்டவர்கள் கையை விளக்கின் குறுக்கே அசைத்துச் செய்த வேலைகளே. உள்ளதை உள்ளபடி உரக்கவோ மெல்லவோ சொல்வதில் குற்றம் இல்லை. எனக்கு மனம் ஒப்பாதவை வேறு இரண்டு. வானத்தை மட்டும் கணிப்பொறியே அடையாளம் கண்டு பிரித்துக் கொடுக்கும் வசதி இப்போது வந்திருக்கிறது. அதைக் கொண்டு, சிவப்புக் கண்ணாடி போடாமல் எடுத்த மோனோக்ரோம் படத்திலும் வானத்தைக் கறுக்க அடித்துவிடலாம். கண்ணாடி போட்டு எடுத்த கருமை காண்டல்: அந்த நேரத்து நீலத்தின் அடர்த்தி எவ்வளவோ அவ்வளவு கறுக்கும், பனிமூட்டம் இருந்தால் கறுக்காது. பிறகு அடித்த கருமை கருதல். வானம் இப்படி இருந்திருக்கலாம் என்ற எண்ணம்.

இது இன்று தோன்றிய ஆசையும் அல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த அதே சுற்றுப்பயணக் காலத்தில், அன்றைய சேலம் ஜில்லாவில் இராயக்கோட்டை முதலிய இடங்களையும் எடுத்து, அப்படங்களின் தொகுதி 1858இல் வெளிவந்தது. தருமபுரி 1965இல் தனி மாவட்டமாகும் வரை அந்தச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததே. ஆதலால் இந்த வட்டாரத்தின்மேல் கேமராவின் பார்வை விழத் தொடங்கிய காலம் அது என்று சொல்லலாம். அவர் கையாண்டவை காகித நெகடிவ்கள். அந்நாளைய ரசாயனம் நீல ஒளியை மட்டுமே மிகுதியாக உணர்ந்ததால் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாக எரிந்துபோகும். டிரைப் என்ன செய்தார் என்றால், தம் நெகடிவ்கள் சிலவற்றில் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்து சேர்த்தார். கை நேர்த்தி மிகுந்தவர். வரைந்ததென்று எளிதில் தெரியாது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய ரசாயனத்துக்கு மேகத்தைக் காண வழியே இல்லை. நமக்கு வழி இருக்கிறது, நாற்பது கிராம் எடையுள்ள ஒரு கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கும் சிரமம் மட்டுமே குறுக்கே நிற்கிறது. அந்தச் சிரமத்தை ஏற்காமல் வானத்தைத் தீட்டுவதும், அவருடைய இயலாமையிலிருந்து தீட்டியதும் ஒரே தராசில் நிற்கமாட்டா.

மற்றொன்று, பழைய ஃபிலிம்களின் பெயரால் வரும் சாயல்கள். 1954இல் 35 மில்லிமீட்டர் வடிவில் வந்து உலகத்தையே ஆண்ட கோடாக் டிரை-எக்ஸின் துகளையும், இல்ஃபோர்டு ஃபிலிம்களின் துகளையும் செருகுநிரல் ஒரு சொடுக்கில் படத்தின்மேல் தூவிவிடும். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்து நம் ஸ்டூடியோக்களில் ஒரு தலைமுறை புழங்கிய இண்டு ஃபிலிமின் பெயரை அப்பட்டியல்களில் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஃபிலிமும் எந்த நிறத்துக்கு எவ்வளவு செவி சாய்க்கும் என்பதே அதன் குணத்தில் பாதி. மோனோக்ரோம் கோப்பில் அந்தப் பாதி வேலை செய்ய வழியில்லாததால் துகளும் ஒளி வளைவும் மட்டுமே ஒட்டிக்கொள்கின்றன. இது உரை என்னும் அளவையின் போலி. ஆப்தன் சொன்னதை ஏற்பது பிரமாணம். ஆப்தனுடைய குரலை மட்டும் பாவித்துப் பேசுவது பிரமாணம் ஆகாது. துகள் அழகு என்பவரோடு நான் வாதிட வரவில்லை. படத்துக்கு ஒரு வயதை, அது வாழாத ஒரு வாழ்வை, அது கோரும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

வானமும் துகளும் எப்படியாவது போகட்டும்; முகம் அப்படி இல்லை. ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் வோகல் 1873இல் தகடுகளுக்குப் பச்சையையும் உணர வழி கண்டார். சிவப்பு வரை உணரும் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. அதற்கு முந்திய தகடுகளில், செம்மை கலந்த நம் தோலின் நிறம் கண்ணுக்குத் தெரிவதைவிட எப்போதும் கறுத்தே விழும். அது ரசாயனத்தின் குறை. ஆனால் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அதை மனிதரின் குணமாக எடுத்துக்கொண்டார்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கின் நீள அகலங்களைக் கருவி கொண்டு அளந்து, மக்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய நூலை வெளியிட்டார். மலையாளிகளும் அதில் இடம்பெற்றிருக்கிறார்கள். அதிலுள்ள செய்திகளில் பயனுள்ளவை உண்டு. ஆனால் அளவுகோலும் தகடும் சேர்ந்து ஒரு மனிதனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற அந்தத் துணிவு எனக்குப் பிடிப்பதில்லை.

இன்றைய குற்றம் அதற்கு நேர் எதிரானது. ஆரஞ்சு ஸ்லைடரைச் சற்று ஏற்றினால் முகம் வெளுக்கும் என்று தெரிந்த பிறகு, கலியாணப் படம் எடுப்பவர் முதல் மலைமக்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர் வரை அதை ஏற்றிவிடுகிறார்கள்; எடுக்கப்பட்டவரிடம் கேட்பதில்லை. கேட்கவும் இயலாது, அந்த நேரத்தில் அவர் மலையில் இருக்கிறார், நாம் நகரத்தில் கணிப்பொறியின் முன் இருக்கிறோம். மாயோனைக் கரியவன் என்று போற்றிய, காளியைக் கருமையிலேயே கண்ட ஒரு நாட்டில், ஒரு கிழவியின் முகத்தை அவர் அறியாமல் வெளுத்துவிடுவது தெய்வ நிந்தனைக்கு அடுத்தபடி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மோனோக்ரோம் கோப்பு அந்த வழியை அடைத்துவிடுகிறது. முகத்தை வெளுக்க வேண்டுமானால் சிவப்புக் கண்ணாடியை அவர் கண்ணுக்கு நேராகவே பொருத்த வேண்டும். அது என்ன கண்ணாடி என்று அவர் கேட்பார். பதில் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவுக்கும் எதிராக வலிமையான ஓர் ஆக்ஷேபம் உண்டு. 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்து, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோனை அந்த நகரத்திலேயே நேரில் கண்டு பழகிய ரகுபீர் சிங், கறுப்பு வெள்ளையை ஒதுக்கி வாழ்நாள் முழுவதும் நிறத்திலேயே எடுத்தவர். 1998இல் வந்த ரிவர் ஆஃப் கலர் என்ற தம் புத்தகத்தின் முன்னுரையில் அவர் வாதிட்டதன் சாரம், இந்தியர்களுக்கு நிறம் என்பது மேலே பூசிய அலங்காரம் அன்று, காண்பதன் இயல்பே அதுதான் என்பது. கறுப்பு வெள்ளையோ மேலைநாட்டு மனத்தின் துயரத்திலிருந்து பிறந்தது என்பது அவர் அபிப்பிராயம். திருவண்ணாமலைக்கு 1950 ஏப்ரலில் வந்து ரமண மகரிஷியின் இறுதி நாட்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த கார்த்தியே-பிரெஸ்ஸோனின் படங்களைப் பார்க்கும்போது ரகுபீர் சிங்கின் கூற்றை என்னால் முழுவதும் ஏற்க முடிவதில்லை. அங்கே துயரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கோவணம் மட்டுமே உடுத்திய ஒருவரிடம் துறக்கவேண்டிய நிறம் என்ன இருந்தது? ஆனால் காப்பிக் காட்டிலே அந்த மூதாட்டி கேட்டது ரகுபீர் சிங்கின் கேள்வியைத்தான், அதிலும் அவரைவிடச் சுருக்கமாகக் கேட்டார்.

அவர் அன்று உடுத்தியிருந்தது கரும்பச்சைக் கரை போட்ட மஞ்சள் சேலை. படம் எடுத்து முடிந்ததும், பேத்தியின் கைப்பேசியில் இன்னொன்று எடுத்துக் கொடுக்கச் சொன்னார், கலரில். முதலில் எனக்கு அது என் படத்தின்மேல் அவர் சொன்ன தீர்ப்பாகப் பட்டது. பிறகு யோசித்தபோது அதில் உள்ள நியாயம் விளங்கியது. துறவு என்பது தன்னுடையதைத் துறப்பது. என் கோப்பில் பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதியைத் துறப்பதற்கு எனக்கு உரிமை உண்டு. அந்த மஞ்சள் சேலை என்னுடையது அல்ல. அதன் நிறத்தை அவர் சார்பில் நான் துறந்துவிட்டு, படத்தை ஆன்மிகம் என்று அழைத்துக்கொள்வதை எந்தச் சாஸ்திரமும் ஏற்காது. அதனால் இப்போதெல்லாம் பாறையையும் சாமைத் தாளையும் மூடுபனியையும் எடுக்கும்போது மோனோக்ரோம் கேமராவே போதும் என்று இருக்கிறேன்; மனிதரை எடுக்கும்போது, என்ன கண்ணாடி போட்டிருக்கிறேன் என்பதை முதலில் சொல்லி, விழுந்த படத்தை அங்கேயே காட்டி, அவர்களுக்குக் கொடுக்க நிறப் படம் ஒன்றும் தனியாக எடுத்து, அதைத் தருமபுரியில் அச்சிட்டு அடுத்த பேருந்தில் மேலே அனுப்பிவிடுகிறேன்.